நாளைக்கு உங்க வீட்டில் எடை

எழுபதுகளின் தொடக்கம். ஐப்பசி மாதத்து அடைமழைக் காலம். அடையாறு ஆறு கடலில் போய்க் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, மணலை ஒட்டினாற்போல் ஒரு மீனவர் குப்பம். நான் சொல்லப் போவது அங்கே நடந்தது. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். "முதல்ல மாத்திரையைப் போட்டுண்டு அப்பறம் பேசு" என்பார்கள் வீட்டில். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மனையியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரன் அமைவதற்குள் வேலை அமைந்துவிட்டது. லஸ் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் உணவு ஆராய்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. என்ன சாப்பிடுகிறவர்களுக்கு என்ன நோய் வருகிறது, எந்தச் சத்து குறைந்தால் குழந்தைகள் உடம்பு என்ன ஆகிறது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. வெளிநாட்டிலிருந்து உதவி வந்தது. ஒரு பெரிய டாக்டர்தான் தலைவர். அவருக்குக் கீழே, வீடு வீடாக அலைவதற்கு என்னைப் போல நாலு பெண்கள்.

என் வேலை என்ன தெரியுமா? அடுத்தவர் வீட்டுச் சோற்றை எடை போடுவது. வேடிக்கை இல்லை, நிஜம். ஒரு மரப்பெட்டி கொடுத்திருந்தார்கள். அதற்குள்ளே பித்தளைத் தராசு, எடைக்கற்கள், அளவுக் கிண்ணங்கள். காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் அரிசி, பருப்பு, எண்ணெய், காய் எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும். வெந்த பிறகு ஒரு தரம். அப்புறம் யார் தட்டில் எவ்வளவு விழுந்தது, யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு இப்படி மூன்று நாள்.

இதற்கு ஒரு விதி உண்டு. முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லாமல் போனால் வீடு பூட்டியிருக்கும், நாள் வீணாகும் என்று அந்த விதியைப் போட்டிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நாளைக்கு உங்க வீட்டில் எடை" என்று அறிவித்துவிட்டு வருவேன். ஏதோ தாசில்தார் ஜப்தி செய்ய வருகிற தோரணைதான், வேறென்ன.

டாக்டர் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒன்று, கூவம் கரையில் ஒரு குடிசைப் பகுதி. அங்கே குழந்தைகளுக்கு மாலைக்கண் அதிகம் என்று, ஏ வைட்டமின் சேர்த்த மஞ்சள் எண்ணெயை ஸ்பூனில் கொடுத்து வந்தார்கள். இன்னொன்று, நான் போன மீனவர் குப்பம். இங்கே மருந்து ஒன்றும் கிடையாது. நிறுப்பது, எழுதுவது, கடைசியில் குழந்தைகளின் ரத்தம் எடுத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். மீன் பிடிக்கிறவர்கள் தினமும் மீன் சாப்பிடுவார்கள், அந்தச் சத்து அவர்களுக்குத் தானாகவே இருக்கும், அவர்களை வைத்து மற்றவர்களை ஒப்பிடலாம் என்பது டாக்டரின் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் முட்டை கூட உள்ளே வராது. முதல் வாரம் கர்ச்சீப்பில் விபூதியைத் தடவி மூக்கில் பிடித்துக்கொண்டு மீனை நிறுத்தேன். அம்மா என்னைக் கொல்லைப்புறமாக வரவழைத்து, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் அடுக்களைக்குள் விடுவாள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் வித்தியாசம் சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். அதில் எனக்கு ஒரே பெருமை.

என் பங்குக்கு ஆறு வீடு. நாலாவது வீடுதான் நான் சொல்ல வந்தது. அந்த அம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். அந்த அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் தெருக்களில் மீன் விற்கிறவள். மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது, நடுவில் ஒரு பையன், கடைக்குட்டி நாலு வயசுப் பெண். அந்தக் கடைக்குட்டிக்கு என் எடைக்கற்கள் மேல் ஒரே ஆசை. மூன்று நாளும் தராசுக்குப் பக்கத்திலேயே, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "தராசம்மா, தராசம்மா" என்று கூப்பிடும். அந்தக் குப்பம் பூராவும் எனக்கு அதுதான் பெயர்.

மூன்று நாளும் அந்த வீட்டில் சாப்பாடு பிரமாதம். புழுங்கலரிசிச் சோறு, மீன் குழம்பு, பருப்பு, கீரைப் பொரியல். குழந்தைகள் தட்டில் மீன் துண்டு. எல்லாவற்றையும் கிராம் சுத்தமாக எழுதினேன். தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு குழந்தைக்குக் கண் தெரிகிறதா? அந்த அம்மா ஒரு நொடி கூடத் தயங்காமல், நன்றாகத் தெரியுமே என்றாள். நான் ஒரு டிக் அடித்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நான் அந்தக் குப்பத்தில் இருந்ததே இல்லை. பொழுது சாய்ந்த பிறகு கண் தெரிகிறதா என்று பட்டப்பகலில் கேட்டு டிக் அடிக்கிற புத்திசாலித்தனத்தை எந்தக் காலேஜில் கற்றுக்கொண்டேனோ தெரியவில்லை.

என் தாள்களைப் பார்த்து டாக்டர் பாராட்டினார். குப்பத்தில் நான் போன எல்லா வீட்டிலும் ஒரே கம்பெனி கடலை எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் யாரும் கவனிக்கமாட்டா. நீ கவனிச்சிருக்கே" என்றார். நான் மாடிப்படியில் மிதந்துகொண்டு இறங்கினேன்.

அந்த வீட்டில் மூன்றாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகப் பெட்டியைக் கட்டியதில் இருபது கிராம் எடைக்கல் ஒன்று விட்டுப்போயிற்று. மறுநாள் ஆபீசில் பெட்டியைத் திறந்து சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது. அது இல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். குப்பத்துக்குள் நுழையும்போது ஐந்தே முக்கால் மணி இருக்கும். மேகம் கவிந்து பொழுது மங்கிவிட்டது. யாருக்கும் சொல்லாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தரம்.

கதவு சாத்தவில்லை. நடுவில் ஒரு அலுமினியக் குண்டான். சுற்றி உட்கார்ந்து மூன்று குழந்தைகளும் குடித்துக்கொண்டிருந்தன. நொய்க் கஞ்சி. அதிலும் நொய்யைத் தேட வேண்டியிருந்தது. உப்பு, ஒரு பச்சை மிளகாய். அடுப்பில் வேறு ஒன்றும் இல்லை.

கடைக்குட்டிக்கு எதிரே ஒரு தம்ளர் இருந்தது. அந்தக் குழந்தை உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே வந்தது. தம்ளருக்கு இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. மூத்தவள் தன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, திரும்பிக் கூடப் பார்க்காமல், தம்ளரை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். தினமும் செய்கிற காரியம் அது என்று அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் வாசலில்தான் நிற்கிறேன். "தராசம்மா" என்று ஓடி வருகிற குழந்தை, என் பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ என்று முழித்தது.

பதறியிருக்க வேண்டியவள் நான். எனக்கோ கோபம் வந்தது. ஆமாம், அந்த அம்மா மேல். மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து வந்து, கையெல்லாம் கவுச்சியாகி எழுதினேனே, எல்லாம் நாடகமா என்று வாசலில் நின்றே சத்தம் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதா, இந்தச் சோற்றை வைத்து எத்தனை பெரிய ஆராய்ச்சி நடக்கிறது தெரியுமா, இப்படியா பொய் சொல்லுவது என்று கேட்டேன். குழந்தைகள் மூன்றும் குடிப்பதை நிறுத்திவிட்டன.

அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பொய் இன்னாம்மா கீது இதுல? மூணு நாளு துன்னதைத்தானே நீ எழுதிகினே. நாளிக்கு வர்றேன்னு சொல்ட்டுப் போறே. மயிலாப்பூர்லேர்ந்து ஒரு படிச்ச பொண்ணு நம்ம வூட்டுக்கு வருது, வந்து உக்காந்து இன்னா துன்றோம்னு பாக்கப்போவுது. அது எதிர்ல இத்த ஊத்திக் குடிக்கச் சொல்றியா? உங்க வூட்டுக்கு ஒரு ஆளு வந்தா நீ பழையதா எட்த்து வெப்பே?"

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடல் கொந்தளிப்பு. கட்டுமரம் கடலில் இறங்காமல் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதாம். அந்த மூன்று நாளும் குழம்பில் கிடந்த மீனை, மீன் விற்கிற அந்த அம்மா மார்க்கெட்டில் போய், வெளியூரிலிருந்து வந்த மீனாகக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள். கடலுக்கே யாரும் போகாத மாதத்தில் மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்பது எங்களைத்தான். நல்ல காலத்தில் மட்டும் என்னவாம்? நல்ல மீனெல்லாம் கூடையில் ஏறி விற்கப் போய்விடும். விற்காமல் நசுங்கினது வீட்டுக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பருப்பு பக்கத்து வீட்டுப் பருப்பு. எண்ணெய் பாட்டில் யாருடையது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. எடை எந்த வீட்டிலோ அந்த வீட்டுக்கு முதல் நாளே அது போய்விடுமாம். இப்போது ஐந்தாவது வீட்டில் தயாராக இருக்கிறதாம். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லேபிளின் ஒரு மூலை கிழிந்த பாட்டில். நாலு வீட்டில் அதே பாட்டிலைப் பார்த்து, எல்லோரும் ஒரே எண்ணெய் வாங்குகிறார்கள் என்று எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். குப்பமே சேர்ந்து ஒரு வீட்டின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது, முறை வைத்து, வீடு வீடாக. வந்தவளுக்கு நல்ல சோறு காட்ட வேண்டும் என்பதற்கு மேல் அவர்கள் மனதில் எதுவும் இல்லை.

குழந்தையின் கண் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆடியிலிருந்து என்றாள். ஏன் என்னிடம் மறைத்தாய் என்றேன்.

"பொட்டப் புள்ளம்மா. கண்ணு தெர்லன்னு நீ காயிதத்துல எழ்திட்டா, நாளிக்கு இத்த யாரு கட்டிப்பான்?"

எடைக்கல்லைத் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் வழி முழுக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். மாலைக்கண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்து மார்க் வாங்கியவள் நான். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து கருவிழி காய்ந்து வெளுத்து, குழைந்தே போய்விடும் என்று தெரியும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் ஒரு வாரத்தில் கூட ஆகலாம் என்றும் தெரியும். தெரியாமல் நடந்தது எதுவுமே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நாங்கள் எழுதியதெல்லாம் விருந்துச் சாப்பாடு, அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது, சொல்லாமல் போய் இன்னொரு தரம் எடை போடலாம், அதற்கு முன்னால் அந்தக் குழந்தைக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும் என்றேன். எனக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் அந்த மஞ்சள் எண்ணெய் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. நான் நின்ற இடத்திலிருந்து நாலு தப்படி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் சந்தேகப்படக் கூடாது, எடை போடுகிற முறையை நடுவில் மாற்றினால் வெளிநாட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். மீன் பிடிக்கிறவன் வீட்டில் மீன் இருக்காதா என்று சிரித்தார். எண்ணெயைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம் மாறிற்று.

"அது ஒப்பிடற ஊரும்மா. அங்க ஒரு குழந்தைக்கு ஒரு சொட்டு குடுத்தாலும் அத்தனையும் கெட்டுடும். கீரை சாப்பிடு, பப்பாளி சாப்பிடுன்னு யோசனை கூட சொல்லப்படாது. வர்ற வியாழக்கிழமை ரத்தம் எடுத்துடறோம். அப்பறம் நீயே கொண்டுபோய்க் குடு, நான் தடுக்கலே. எட்டு நாள்தானே?"

எட்டு நாள்தானே. அந்தத் "தானே"யை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். இவர் வீட்டுக் குழந்தை தம்ளரைத் தடவிக்கொண்டிருந்தால் எட்டு நிமிஷம் பொறுத்திருப்பாரா? ஒருத்தருடைய கண் இன்னொருத்தருடைய கணக்குக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால், அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தவனை என்ன சொல்ல?

சரி, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் கேட்டேன், தலையாட்டினேன், வெளியே வந்தேன். பெரிய டாக்டர், பெரிய படிப்பு, அவருக்குத் தெரியாததா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஐந்தாவது வீட்டில் போய் உட்கார்ந்து, அதே பாட்டில் எண்ணெயை மறுபடியும் நிறுத்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம். ஒரு நாள் காலையில் மனசு கேட்காமல் ஒரு கொத்துக் கீரையை ஒடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். குளத்தங்கரை தாண்டுவதற்குள் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து பயம் பிடித்துக்கொண்டது. தெருவில் நின்ற ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டேன். மாட்டின் கண் நன்றாக இருந்திருக்கும்.

நாலாவது வீட்டுப் பக்கம் போகாமல் அந்த வாரத்தை ஓட்டினேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று யாரோ சொன்னார்கள். காதில் விழுந்தது. வியாழக்கிழமை வரட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. குப்பத்தின் நடுவே மேஜை போட்டு, ஆபீசிலிருந்து கம்பவுண்டர் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பெயர் கூப்பிட்டு டிக் அடிக்கிறேன். அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் கத்துகிறது என்றாள். மெல்லத் திருப்பி இமையைத் தூக்கிப் பார்த்தேன். வலது கண் காய்ந்து சுருங்கியிருந்தது. இடது கண்ணில், கறுப்பாக இருக்க வேண்டிய இடம் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நான் குழந்தையை வாங்கப் போனேன். கம்பவுண்டர் விடவில்லை. ரத்தம் எடுத்துவிட்டுக் கொண்டு போங்கள், அது இல்லாவிட்டால் டாக்டர் என்னைத் தின்றுவிடுவார் என்றார். நான் அதற்கும் நின்றேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு தரம் குத்தினார். குழந்தைக்கு அழுவதற்குக் கூடத் தெம்பு இல்லை. என் புடவைத் தலைப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

டாக்சி பிடித்து அரசாங்கக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். பார்த்தார். பின்னால் திரும்பி அதே மஞ்சள் எண்ணெயை ஒரு ஸ்பூனில் ஊற்றிக் குழந்தையின் வாயில் விட்டார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. எந்த அரை நிமிஷக் காரியத்துக்காக எட்டு நாள் காத்திருந்தோமோ, அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது கண் பிழைத்துக்கொள்ளும், இடது கண் போனது போனதுதான் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாலைக்கண் வந்து இத்தனை மாதமாக ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க குப்பத்துக்கு நர்ஸ், டாக்டர்னு யாருமே வர்றதில்லையா? இந்தக் குழந்தையை இதுவரைக்கும் ஒருத்தர் கூடவா பாக்கல?"

நான் ஓர் ஓரமாக நின்றேன், கையில் பெட்டியுடன். பார்த்தேன் டாக்டர், மூன்று நாள் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அப்புறம் எட்டு நாள் தெரிந்தே சும்மா இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் வர்லம்மா. யாரு மேலயும் தப்பில்ல. நான்தான் பாக்காம உட்டுட்டேன்."

லேடி டாக்டர் அவளைத் திட்டத் தொடங்கினார். பெற்றவளா நீ, பிள்ளையின் கண்ணைவிட மீன் கூடை பெரிசா என்று, அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி திட்டினார். அவள் தலையைக் குனிந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

குழந்தையைப் படுக்கையில் சேர்த்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போல என்னைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்கு வந்து போன பொண்ணு நீ. நாலு பேர் எதிர்ல உன்னை எப்டிம்மா உட்டுக்குடுப்பேன்?"

அவளுக்குத் தெரியாது, எண்ணெய் கொடுக்காமல் ரத்தத்துக்காகக் காத்திருந்த அந்த எட்டு நாளைப் பற்றி. அலமாரியைப் பற்றித் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போய் என்னுடைய தாள்கள் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பென்சிலால் "இது விருந்தாளிக்காகச் சமைத்தது" என்று எழுதினேன். டாக்டர் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு வேலையை விட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், அவ்வளவுதான். என் கூட வேலை பார்த்த பெண் பிறகு சொன்னாள், சிவப்புப் பென்சில் இல்லாமல் அதே எண்களை வேறு தாளில் பிரதி எடுக்கும்படி டாக்டர் அவளிடமே சொன்னாராம்.

மறு வருஷம் அறிக்கை அச்சாகி வந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கிப் படித்தேன். குப்பத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏ வைட்டமின் மிகவும் குறைவு என்று இருந்தது. சாப்பாட்டிலோ வேண்டிய அளவு இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லையே, என்ன செய்வது? டாக்டர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். இந்த மக்கள் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள், சுத்தமாக இல்லாததால் சத்து உடம்பில் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தார். தங்கள் வயிற்றைக் கட்டி எனக்கு நல்ல சோறு காட்டிய ஆறு குடும்பங்களுக்கும் கிடைத்த சர்ட்டிபிகேட் அது. அழுக்குப் பிடித்தவர்கள் என்று. கடைசிப் பக்கத்தில், கவனமாகத் தகவல் சேகரித்ததற்காக எனக்கு நன்றி வேறு.

இன்றைக்கும் பேப்பரில், இந்தப் பகுதி மக்கள் சராசரியாக இத்தனை கிராம் பருப்பு சாப்பிடுகிறார்கள் என்று பட்டியல் வந்தால், யார் நிறுத்தது, முதல் நாளே சொல்லிவிட்டுப் போனாயா என்று தனியாகக் கத்துகிறேன். டாக்டர் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவரைத் திட்டி முடித்த பிறகும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஏனென்றால் அவர் செய்தது தொலைவில் உட்கார்ந்து செய்த பாவம். நானோ, தன் குழந்தையின் கண்ணைப் பறிகொடுத்த ஒரு தாய் எனக்காக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு முழ தூரத்தில், கையில் தராசுப் பெட்டியோடு, வாயை மூடிக்கொண்டு நின்றவள்.